நாலடிப் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு: எதை எடுத்தேன், எதை விட்டேன்

ஹாலில் ஷூ ரேக்குக்கு மேலே இருக்கும் சுவர்தான் எனக்கு ஒதுக்கப்பட்டது. 4 அடி நீளம், 1 அடி ஆழம். அதற்கு மேல் ஓர் அங்குலம் நீண்டாலும் நவராத்திரிக்குக் கொலுப்படி வைக்க இடமிருக்காது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. இந்த இடத்தில் மாடல் ரயிலை வட்டமாகச் சுற்றவிடும் பேச்சே இல்லை. நான் எடுத்த அளவில் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய வளைவுத் துண்டுகளைக் கோத்தால்கூட இரண்டரை அடிக்கு மேல் அகலம் கேட்கும்.

அதனால் ஷண்டிங். ஒரு குட்டி இன்ஜின், எட்டு வேகன், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைத் தண்டவாளம்). எந்த வேகன் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று சீட்டுக் குலுக்கி எடுத்துவிட்டு, தள்ளியும் இழுத்தும், கழற்றியும் மாட்டியும் அந்த வரிசையைக் கொண்டுவருவது. சுற்றி ஓடும் ரயிலைப் பத்து நிமிடம் பார்க்கலாம்; இதில் ஒரு மணி நேரம் போவது தெரியாது. ஆனால் நாலடிப் பலகையில் தவறான திட்டத்தை எடுத்துவிட்டால் திருத்திக்கொள்ள இடம் இருக்காது. ஆறு மாதம் பேப்பரில் வரைந்து வரைந்து அழித்தேன். அந்த ஆறு மாதக் கணக்குதான் இது.

இரண்டு பாயிண்ட்டா, ஐந்து பாயிண்ட்டா

சின்ன ஷண்டிங் பலகை என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். முதலாவது ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’. இங்கிலாந்துக்காரரான ஆலன் ரைட் வகுத்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் ஆல்ன்விக் – கார்ன்ஹில் கிளைப்பாதையில் இருந்த கில்ஹாம் என்ற சிறிய சைடிங்தான் அவருக்குத் தூண்டுதல். பாயிண்ட், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம், இரண்டே இரண்டு. ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. இன்ஜின் முன்னே போய்த் திரும்பும் முனைப்பாதையில் இன்ஜினோடு சேர்த்து 3 வேகன் கொள்ளும். எட்டு வேகனுக்கு எட்டு சீட்டு. ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே நீள சைடிங்கில் ரயிலை அமைக்க வேண்டும்.

கேட்கும்போது குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீள சைடிங்கில் வாசல் பக்கமிருந்து 1, 2, 3, 4, 5 நிற்கின்றன, ஒரு குட்டை சைடிங்கில் 6, 7, 8, இன்னொன்று காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப்படி 4-ஆம் வேகன் நீள சைடிங்கின் கடைசி முனையில் போய் நிற்க வேண்டும். சரி, முதல் மூன்றையும் இழுத்துக் காலி சைடிங்கில் விட்டாயிற்று. திரும்பி வந்து 4-ஐயும் 5-ஐயும் இழுத்தாயிற்று. இப்போது தள்ளினால் 5-தான் முனைக்குப் போகும், 4 அதற்கு முன்னால் நிற்கும். 5-ஐ மட்டும் எங்கேயாவது ஓரமாக விடலாம் என்று பார்த்தால், இரண்டு குட்டை சைடிங்கும் நிரம்பிவிட்டன. ஒரே ஒரு வேகனை வைக்க இடமில்லாமல் இன்ஜின் நடுவழியில் நிற்கும். வழி இருக்கிறது, ஆனால் மூன்று நகர்வுக்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். முனைப்பாதையில் நான்கு வேகன் கொள்ளும்படி கட்டினால் முடிச்சு இவ்வளவு இறுகாது, விளையாட்டும் சப்பென்று போய்விடும். அதனால் அளவுகளைத் தாராளமாக வைத்துவிடாதீர்கள்.

எத்தனை விதமான ரயில் வரும் என்றால், 8×7×6×5×4, அதாவது 6,720. நாளுக்கு ஒன்று அமைத்தாலும் 18 வருடம் ஓடும்.

இரண்டாவது ‘டைம்சேவர்’. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மான்டரே ஊரில் இருந்த ஜான் ஆலன் உருவாக்கி 1972-ல் வெளியிட்டது. மலையும் பள்ளத்தாக்கும் தரையிலிருந்து கூரை வரை எழும்பி நிற்கும் பிரம்மாண்டமான மாடல் ரயில் லேஅவுட்டைத் தன் வீட்டின் அடித்தளத்தில் கட்டியவர் அவர். 1973 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அடுத்த சில நாட்களிலேயே அந்த லேஅவுட்டில் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. மிஞ்சியவற்றில் இந்தச் சின்னப் புதிரும் ஒன்று.

டைம்சேவரில் பாயிண்ட் ஐந்து. நடுவில் இன்ஜின் வேகன்களைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வர ஒரு இணைப்பாதை. இரு திசைகளிலும் பிரியும் குட்டைச் சைடிங்குகள். இங்கிள்நுக்கில் இன்ஜின் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். இதில் சில வேகனை முன்னாலிருந்தும் சிலதைப் பின்னாலிருந்தும் தள்ள வேண்டும், அதனால் சுற்றி வந்தே ஆக வேண்டும். பெயருக்கு ஏற்றபடி கடிகாரம் வைத்து ஆடுவது. நண்பர்கள் வந்து போட்டி போடும் வீடு என்றால் இதுதான் பொருத்தம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு ஏன் விட்டேன்? முதலில் கணக்கு. டபுள்-ஓ (OO) என்ற, நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு அளவில் பெக்கோ கம்பெனியின் சிறிய ரேடியஸ் பாயிண்ட் ஒன்று 185 மில்லிமீட்டர். டைம்சேவரை நாலடிக்குள் வரைந்தால் நீளத்தில் பெரும்பகுதியைப் பாயிண்டுகளே தின்றுவிடுகின்றன; வேகன் நிற்க மிச்சமாகும் இடம் ஒவ்வொன்றும் நெருக்கிப் பிடித்ததாகிறது. அப்புறம் காசு: இறக்குமதிப் பாயிண்ட் ஒவ்வொன்றின் விலையும் ஒரு நல்ல வேகன் விலைக்குப் பக்கத்தில் வரும். மூன்றாவதுதான் முக்கியம். டைம்சேவரில் பலகை முழுக்கத் தண்டவாளம். மரத்துக்கும் மண்ணுக்கும் குடோனுக்கும் இடமில்லை. அது ஒரு ஆட்டப்பலகை. ஊர் போலத் தெரியாது. இங்கிள்நுக்கில் சைடிங்குகள் ஒரு பக்கமாக விரிவதால் முனைப்பாதையின் முன்னாலும் பின்னாலும் நிலம் கிடைக்கிறது. எனக்குத் தண்டவாளம் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அதன் ஓரத்துப் புல்லும் பிடிக்கும். இங்கிள்நுக் ஜெயித்தது அங்கேதான்.

பெரிய அளவு, சின்ன இடம்

அடுத்தது ஸ்கேல், அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குவது என்பது. ‘இடம் குறைவு, அப்போ N ஸ்கேல் எடு’ என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். நாலடிப் பலகை இரண்டு மடங்கு நீளமானதுபோல் ஆகிவிடும். தூரத்தில் மலை, பெரிய ரயில், நீண்ட பாலம் என்று நிலக்காட்சி வேண்டுபவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் ஷண்டிங்கில் இன்ஜின் நத்தை வேகத்தில் ஊர்ந்து, வேகனை மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். N ஸ்கேலின் ஆறு சக்கர ஷண்டர் (ஷண்டிங் இன்ஜின்) கைக்குள் கடலைமிட்டாய் அளவு, எடையே கிடையாது. கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஜன்னலைத் திறந்துவைக்கும் வீட்டில் அது ஒவ்வொரு தூசிக்கும் நின்று நின்று போகும். 2022-ல் ஹார்ன்பி போன்றவர்கள் பிரிட்டனில் கொண்டுவந்த டிடி (TT) 1:120 நடுவாந்தரமான நல்ல அளவு. இன்று புதிதாக ஆரம்பித்தால் யோசித்திருப்பேன். நான் ஆரம்பித்தபோது அதில் எனக்கு வேண்டிய சரக்கு வேகன்கள் அதிகம் இல்லை.

மிச்சம் எச்-ஓவும் டபுள்-ஓவும். இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மில்லிமீட்டர் பாதையில். எச்-ஓ 1:87, டபுள்-ஓ 1:76. சின்னதாக இருப்பதால் எச்-ஓதான் நாலடியில் சுலபமாக அடங்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். நேர்மாறு. எச்-ஓவில் எளிதாகக் கிடைப்பவை ஜெர்மன் வேகன்கள். நிஜத்திலேயே சுமார் 10 மீட்டர் நீளம், மாடலில் 115 மில்லிமீட்டர் வரும். பழைய பிரிட்டிஷ் நாலு சக்கர வேகன் நிஜத்திலேயே குட்டை. டபுள்-ஓவில் கொக்கியோடு சேர்த்து 85 மில்லிமீட்டர்தான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். டபுள்-ஓவில் இன்ஜினும் மூன்று வேகனும் சுமார் 375, ஒரு பாயிண்ட் 185, ஐந்து வேகன் 425. மொத்தம் 985. நாலடி என்பது 1,219. முனைகளில் மூச்சுவிட இடம் இருக்கிறது. எச்-ஓவில் ஜெர்மன் ஷண்டரும் மூன்று வேகனும் 465, பாயிண்ட் 185, ஐந்து வேகன் 575. மொத்தம் 1,225. பலகையை விட்டு வெளியே விழுந்துவிட்டது. இங்கிள்நுக் இங்கிலாந்தில் பிறந்ததற்கும் இந்தக் குட்டி வேகன்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டபுள்-ஓவில் ஒரு பெரிய குறை உண்டு. 16.5-ஐ 76-ஆல் பெருக்கினால் 1,254 மில்லிமீட்டர் வருகிறது. நிஜ ஸ்டாண்டர்டு கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) 1,435. நம்மூர் பிராட் கேஜ் 1,676, மீட்டர் கேஜ் 1,000. அதாவது இது எந்த ஊர்க் கேஜும் இல்லை: மீட்டர் கேஜுக்குப் பெரிது, பிராட் கேஜுக்குச் சிறிது. இந்தியக் காட்சி வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் முறையான வழி எச்-ஓ மீட்டர் கேஜ். 12 மில்லிமீட்டர் பாதை, நிஜ அளவுக்கு அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்விஸ் மலை ரயில்களுக்காக அந்தப் பாதை கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் நம்மூர் மீட்டர் கேஜ் டீசலான ஒய்டிஎம்-4 இன்ஜினிலிருந்து கடைசி வேகன் வரை நாமே பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்ட வேண்டும். எனக்குப் பொறுமை பத்தாது.

நான் எடுத்த வழி கொஞ்சம் திருட்டுத்தனம். வேகன்கள் பிரிட்டிஷ், ரெட் ஆக்சைடு நிறத்தில் பெயின்ட் அடித்தவை. இன்ஜின் பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 08 ஷண்டர். 1952 முதல் 1962 வரை 996 எண்ணிக்கை கட்டித்தள்ளிய உழைப்பாளி. சுற்றிலும் நிலம் மட்டும் நம்மூர். சைடிங் முழுவதையும் தண்டவாளத்தின் மேல்விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிட்டேன். கட்டைகள் கண்ணில் படாவிட்டால் கேஜ் எவ்வளவு என்று யாரும் அளக்கமாட்டார்கள்.

ஒரு ரூபாய் நாணயமும் காந்தமும்

கொக்கி விஷயத்தில் மூன்று வழிகள். பிரிட்டிஷ் வேகன்களோடு வரும் அகலமான டென்ஷன் லாக் கொக்கி: முட்டினால் மாட்டிக்கொள்ளும், நம்பலாம், பார்க்க அசிங்கம். மூன்று வளையச் சங்கிலி: நிஜத்தைப் போலவே இருக்கும், ஒவ்வொரு முறையும் கம்பியை விட்டுக் கோக்க வேண்டும், நாற்பது வயதுக்கு மேல் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்றாவது, அமெரிக்காவின் கேடி. கீத், டேல் என்ற இரட்டைச் சகோதரர்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். தண்டவாளத்துக்கு இடையிலோ அடியிலோ ஒரு காந்தம். அதன்மேல் நிறுத்தி லேசாகத் தளர்த்தினால் கொக்கி விரிந்துவிடும். விரிந்த நிலையிலேயே வேகனை மேலும் தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வரலாம். கை படவே வேண்டாம்.

நான் கேடிக்குப் போனேன், முதல் மாதம் பட்டபாடு கொஞ்சமல்ல. வேகன்கள் எடை போதாமல் பாயிண்டில் தடம் புரண்டன. அமெரிக்க மாடல் ரயில் சங்கம் எச்-ஓவுக்குச் சொல்லும் கணக்கு ஒரு அவுன்ஸ், அதன்மேல் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். என் வேகனுக்கு ஏறக்குறைய 75 கிராம். நாலு சக்கரத்துக்கு அது கொஞ்சம் அதிகம், 45 கிராமில் நிறுத்தினேன். எடைக்கு என்ன போடலாம் என்று தேடி, கையில் கிடைத்த ஒரு ரூபாய் நாணயங்களை வேகனுக்குள் அடுக்கி ஒட்டிவிட்டேன். அடுத்த நாள் ஓட்டினால், கழற்றிவிட்ட வேகன் தானாக ஓர் அங்குலம் நகர்ந்து காந்தத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது! நம் நாணயம் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டு வேகனிலும் சுரண்டி எடுத்துவிட்டு, தூண்டில் கடையில் ஈயக்குண்டு வாங்கிப் போட்டேன். ஈயம் தொட்டால் கை கழுவுங்கள். இரும்பு அச்சு உள்ள வேகனிலும் இதே தொல்லை வரும். பித்தளை அச்சு வாங்குவது நல்லது.

காந்தம் எத்தனை என்று கேட்டால், ஒவ்வொரு சைடிங்கின் வாயிலும் ஒன்று போதும். எங்கெல்லாம் வைத்தோம் என்று மறந்துவிடும். ஓரத்தில் ஒரு குட்டி மைல்கல் நட்டுவைத்தேன்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. ஒரே இன்ஜின்தான் என்றால் பழைய 12 வோல்ட் டிசி போதும், வயரிங் இரண்டே கம்பி. தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி இன்ஜினை ஓட்டும் டிசிசி இரண்டு மடங்குக்கு மேல் செலவு. ஆனால் டிசிசி சிப்போடு ஒரு கெபாசிட்டரைச் சேர்த்துவிட்டால், தூசியில் ஒரு நொடி கரண்ட் அறுந்தாலும் இன்ஜின் நிற்காது. கடற்கரை ஊரில் அந்த ஒரு காரணத்துக்காகவே நான் டிசிசி எடுத்தேன். உள்நாட்டில், ஏசி அறையில் இருப்பவர்கள் அந்தக் காசில் நல்ல இன்ஜின் வாங்கலாம். எதை எடுத்தாலும் பாயிண்ட்டின் நடுமூக்கு (உள் தண்டவாளங்கள் சேரும் V முனை) கரண்ட் பாயும் வகையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் மூக்கு உள்ள மலிவான பாயிண்டில் குட்டி இன்ஜின் கட்டாயம் நிற்கும்.

மண், புல், சீமைக்கருவேலம்

நிலம் செய்வதில் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொலுவுக்குப் பார்க் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெர்மாகோல் மலையும், கண்ணாடித் துண்டுக் குளமும், கேழ்வரகு முளைக்கவிட்ட வயலும் கை பழகியவை. ஆனால் கொலுப் பார்க் ஒன்பது நாளுக்கு. இது பல வருடங்களுக்கு. வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

அடிப்பலகைக்குச் சாதாரண ப்ளைவுட்டா, மரைன் ப்ளையா என்று யோசிக்கவே வேண்டாம்: ஈரக்காற்று ஊரில் மரைன் ப்ளை, 9 மில்லிமீட்டர், ஆறு பக்கமும் வார்னிஷ். அதன்மேல் மேடு பள்ளத்துக்குத் தெர்மாகோலா, கெட்டியான எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகையா என்பதில் தெர்மாகோல் கால் விலை. ஆனால் வெட்டினால் மணி மணியாக உதிரும், அந்த மணி பாயிண்டுக்குள் போய் உட்காரும். எக்ஸ்பிஎஸ் கத்திக்கு வெண்ணெய்போல் வெட்டுப்படும். இரண்டிலும் ரப்பர் பசையைத் தொடாதீர்கள், உருக்கிவிடும்; ஃபெவிகால் போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அழகாக வரும், ஆனால் சுவரில் மாட்டும் பலகையில் அத்தனை எடை தேவையில்லை.

தரைக்கு வெளிநாட்டுப் பாக்கெட் மண்ணும் பார்த்தேன், ஊரிலிருந்து எடுத்துவந்த செம்மண்ணும் பார்த்தேன். செம்மண்தான், நிறத்திலேயே நம் ஊர் வந்துவிடுகிறது. மாவு சல்லடையில் இரண்டு தடவை சலித்து, வாணலியில் வறுத்து, பூச்சி முட்டை போகவிட்டு, பிறகு பேப்பர் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெல்ல நகர்த்த வேண்டும். முதல் முறை நகர்த்தியபோது பேப்பரில் கறுப்பு மீசைபோல் ஒட்டிக்கொண்டு வந்தது அத்தனையும் இரும்புத்துகள். அதை அப்படியே விட்டிருந்தால் இன்ஜின் மோட்டார் உறிஞ்சி எடுத்திருக்கும். சலித்த மண்ணைத் தூவி, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணீரை ஸ்ப்ரே செய்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலை மருந்துச் சொட்டியால் விட்டால், மறுநாள் கல்போல் இறுகியிருக்கும். சொட்டும்போது பாயிண்ட்டின் அசையும் நாக்குப் பக்கம் போகவே கூடாது. நான் போனேன்.

ஒரு தவறு சொல்கிறேன். குடோனுக்குப் பின்னால் சருகுபோல் இருக்கட்டும் என்று டீ போட்டு மிஞ்சிய தூளைக் காயவைத்துத் தூவினேன். அற்புதமாக இருந்தது, நவம்பர் வரை. மழை பிடித்ததும் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. சுரண்டிவிட்டுச் சாயமேற்றிய மரத்தூள் போட்டேன்.

புல்லுக்கு மின்சாரத்தால் நிமிர்த்தும் ஸ்டாட்டிக் கிராஸ் கருவி நல்லதுதான், ஆனால் அதில் வருவது இங்கிலாந்து வயல்வெளி. நம்மூர் சைடிங்கின் ஓரத்தில் அப்படிப் பச்சைப்பசேல் என்று எங்கே இருக்கிறது? காய்ந்த மஞ்சள் புல், நடுவில் வெறும் மண், அப்புறம் சீமைக்கருவேலம். மெல்லிய செம்புக்கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, பழுப்புப் பெயின்ட் அடித்து, நரைத்த பச்சை நுரைத்தூளைக் கிள்ளித் தூவியதும் ஒன்றரை அங்குல உயரத்தில் சீமைக்கருவேலம் தயார். பன்னிரண்டு மரம் செய்தேன். மொத்தச் செலவு ஒரு ரெடிமேட் மரத்தின் விலைகூட ஆகவில்லை. அவற்றைப் பலகையின் பின்விளிம்பில் நெருக்கி நட்டால் சுவரும் தரையும் சேரும் கோடு மறைகிறது. வானத்துக்கு அச்சிட்ட படம் ஒட்டவில்லை. வெளிறிய நீலம் ஒரே பூச்சு. அச்சுப் படத்தில் தூரத்து மேகம் மாடலைவிடத் தத்ரூபமாக இருந்து மாடலைப் பொம்மையாக்கிவிடும்.

போன நவராத்திரிக்குப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, கொலுப்படியின் கீழே தரையில் வைத்தேன். சுண்டல் வாங்க வந்த அத்தை குனிந்து பார்த்து, ‘ஏன்டா, சுத்தி ஓடாதா இது?’ என்றாள். ஓடாது என்று சொல்லி, எட்டுச் சீட்டையும் கிண்ணத்தில் போட்டு நீட்டினேன். ஐந்தை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த வீட்டுக்குக் கிளம்ப எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள், அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. ‘இருங்கடி. டேய், ஏழாம் நம்பரை அங்க விடாதே, அப்புறம் ரெண்டை எங்க வைப்பே?’